ஆடியில் வாங்கி ஆவணியில் மாட்டிய சக்கரங்கள்

1. கையெழுத்து

வாடிக்கையாளர் பரிசோதனைக்கு மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் பணிமனையில் தெளிவான விதி இருந்தது. மறுத்தார் என்று, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுத வேண்டும். அதன் கீழே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வண்டியை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கே போய் எதில் மோதினாலும் அது அவர் பாடு. பெரம்பலூரில் ஒரு கார் நிறுவனத்தின் பணிமனை மேலாளராக இருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆவணியில், ஒரு திங்கட்கிழமை, அந்த விதியை வரி பிசகாமல் நிறைவேற்றினேன். கையெழுத்தும் வாங்கினேன். பிறகு அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி ஒரு வெள்ளை செடான். உரிமையாளர் இளங்கோ, ஆண்டிமடத்தில் சிமெண்ட் வியாபாரம் செய்பவர், முப்பது வயது இருக்கும். வண்டியை வாங்கியதிலிருந்து எங்களிடம்தான் சர்வீஸ். அன்று அந்த வண்டியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கம்பெனி கொடுத்த பதினைந்து இன்ச் சக்கரங்கள் போய், பதினேழு இன்ச் அலாய் வந்திருந்தது. கல்யாண மாப்பிள்ளை அண்ணனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்பது போல வண்டி நின்றது. நாலு சக்கரத்திலும் சந்தனம், குங்குமம். சிறுவாச்சூர் கோயிலில் பூஜை போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார்கள்.

பின் இருக்கையில் இளங்கோவின் அம்மா செல்லம்மாளும், தங்கை கலைச்செல்வியும் இருந்தார்கள். கலைச்செல்விக்கு வளைகாப்பு முடிந்து, புருஷன் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

"சார், ஒரு சின்ன சத்தம். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு அனுப்பிடுங்க" என்றார் இளங்கோ.

"சக்கரம் எப்ப மாத்துனீங்க தம்பி?"

"முந்தாநேத்து ஜெயங்கொண்டத்துல. ஆடித் தள்ளுபடியில வாங்குனது சார். ஆடியில மாட்டக் கூடாதுன்னு அம்மா ஒரே பிடியா சொல்லிட்டாங்க. ஒரு மாசமா குடோன்லயே குப்புறப் படுத்துக் கெடந்துச்சு. மூஞ்சியில கீறல் விழுந்துடப் போவுதுன்னு அடியில சாக்கு வேற விரிச்சிருந்தேன். ஆவணி மொத முகூர்த்தத்துல மாட்டியாச்சு."

"புள்ளைய விட நல்லாப் பாத்திருக்கீங்க. சத்தம் எப்ப வருது?"

"மெதுவாப் போனா டொக் டொக்குங்குது. ஸ்டீயரிங் லேசா நடுங்குது. அறுபதுக்கு மேல போனா நின்னுடுது. அதனால அறுபதுக்கு மேலயே வந்துட்டேன்."

இப்படி ஒரு வைத்தியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. குனிந்து முன்சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசி, ஒரு கை அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அளவுக்கு மீறிய சக்கரம் போட்டால் இது வரும். விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் நட்டுகளை ஒருமுறை சோதித்துவிட வேண்டும் என்பது விதி. சோதிக்க முடியவில்லை. திருட்டுக்குப் பயந்து நாலு சக்கரத்திலும் லாக் நட்டு போட்டிருந்தார். அதற்கென்று தனிச் சாவி உண்டு. எங்கள் சாக்கெட் எதுவும் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை.

"சாவி எங்க?"

"வூட்ல சாமி மாடத்துல இருக்கு சார். வண்டியில வச்சா வண்டியோட சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

கூடவே செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஜெயங்கொண்டத்துக் கடையில் சக்கரம் மாட்டியதை முழுக்கப் பிடித்து வைத்திருந்தார். கடைக்காரர் சக்கரத்தின் முதுகைத் துணியால் துடைக்கிறார், மாட்டுகிறார், குறுக்கும் நெடுக்குமாக நட்டுகளை முடுக்குகிறார், கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைக்கிறார். குறித்த அழுத்தம் வந்ததும் அது 'கிளிக்' என்றது. "கேட்டுச்சா சார்?" என்றார் இளங்கோ. கேட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, லிப்டில் ஏற்றி, சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி ஆட்டிப் பார்க்கலாம் என்றேன். அதற்கு, வண்டிக்குள் இருப்பவர்கள் இறங்க வேண்டும். செல்லம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

"எமகண்டத்துக்கு முன்னாடியே கெளம்பியாச்சுங்க சார். இப்ப எறங்கி மறுபடி ஏறினா, எமகண்டத்துல பொறப்பட்ட மாதிரி ஆயிடும். புள்ளத்தாச்சி. வேணாம்."

"அம்மா, ஆள் உள்ள இருக்கும்போது லிப்டுல ஏத்தக் கூடாது."

"அப்ப ஏத்தாதீங்க."

இதற்கும் விதியில் பதில் இருந்தது. எழுதினேன். இளங்கோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சட்டப்படி நான் பத்திரமானேன்.

அப்போது கலைச்செல்வி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், வழியில ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகும் என்று சொல்லவும் இல்லை. "நானும் கொஞ்ச தூரம் வரேம்மா" என்று சொல்லி முன் கதவைத் திறந்தேன். இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் மட்டும் போய், நாளைக்குப் பேப்பரில் அந்த வளையல் கைகளைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

2. அறுபதுக்குக் கீழே

அரியலூர் சாலையில் ஏறும்போதே 'டொக்' என்றது.

"இதுதான் சார்."

"மெதுவாப் போங்க."

"மெதுவாப் போனாத்தான் சார் சத்தமே."

சத்தத்தைப் பிரித்துக் கேட்பது எங்கள் தொழில். பேரிங் தேய்ந்தால் முனகும். வேகம் கூடினால் முனகலும் கூடும். ஆக்சில் ஜாயிண்ட் போனால் திருப்பத்தில் மட்டும் நறநறக்கும். டயர் லைனரில் உரசினால், தரையில் விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். அன்று எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று விளக்குமாறு, அது நான் எதிர்பார்த்தது. அதற்கு அடியில் இன்னொன்று, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தட்டு. காலிப் பெட்டிக்குள் கல் புரள்வது போல. இடது முன்பக்கத்திலிருந்து, என் கால்களுக்கு நேர் கீழே இருந்து வந்தது.

இளங்கோ ஆக்சிலரேட்டரை மிதித்தார். முள் அறுபதைத் தாண்டியது. தட்டல் நின்றது.

"பாத்தீங்களா சார்? ஓட ஓட செட் ஆயிடுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரசல் வேகத்துக்குப் பயந்து நிற்காது. மெதுவாகப் போனால் தட்டி, வேகமாகப் போனால் அடங்குகிற பொருள், தன் இடத்தில் உட்காராமல் ஆடுகிற பொருள். வேகம் அதைச் சரிசெய்வதில்லை. சத்தம் போடாமல் ஆட வைக்கிறது, அவ்வளவுதான். முன்சக்கரம் கழன்ற வண்டிகள் எங்கள் மீட்பு வண்டியில் ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். பிரேக் டிஸ்க் சாலையை உழுதுகொண்டு போயிருக்கும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை.

எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்று எங்கள் வண்டியை ஒரு தள்ளுத் தள்ளியது. பின்னாலும் ஒரு டிப்பர், கண்ணாடி நிறைய அதன் முகப்பு. இடப்பக்கம் சாலை ஓரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சக்கரம் இறங்கினால் வண்டி கவிழும். நிறுத்த இடமில்லை.

பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இதை எப்படிச் சொல்வது?

"தம்பி, முன்னால எங்கயாவது அகலமா எடம் வந்தா ஓரம் கட்டுங்க. எனக்கு வாந்தி வர மாதிரி இருக்கு."

"கார் கம்பெனி மேனேஜருக்கே கார் ஒத்துக்கலயா?" என்று இளங்கோ சிரித்தார்.

செல்லம்மாள் பின்னாலிருந்து கோயில் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். "மோந்து பாருங்க சார், நின்னுடும். எனக்கும் பஸ்ஸுல இப்படித்தான்."

வாங்கி முகர்ந்துகொண்டேன். வண்டி குலுங்கியதில் பழம் மடியில் விழுந்து காலடிக்கு உருண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது காலடித் தரை உள்ளங்கையில் துடித்தது. நிமிர்ந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். அதுவும் துடித்துக்கொண்டிருந்தது. இளங்கோவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய வலது கால் பிரேக்கை நோக்கி நகர்ந்தது.

"பிரேக்கைத் தொடாதே!"

பணிமனையில் எந்த வாடிக்கையாளரையும் நான் ஒருமையில் அழைத்ததில்லை. இளங்கோவின் கால் அந்தரத்தில் நின்றது.

"காலை எடு. ரெண்டு காலையும் எடு. ஸ்டீயரிங்கை ஒடிக்காத. நேரா விடு. தானா வேகம் கொறையட்டும்."

வேகம் குறையக் குறைய சத்தம் திரும்பி வந்தது. முதலில் தட்டல், பிறகு இடி. வண்டியின் மூக்கு இடமும் வலமும் ஆடியது. பின்னால் டிப்பர்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. கலைச்செல்வியின் வளையல்கள் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு சிறு பாலத்தைத் தாண்டியதும் ஓரம் அகன்றது. மண்ணில் இறங்கி, நடக்கிற வேகத்துக்கு வந்து, வண்டி நின்றது. டிப்பர் எங்களை ஒட்டிக் கடந்தது. அதன் உதவியாளர் ஜன்னலில் தலையை நீட்டி எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

3. சந்தனத்துக்குப் பின்னால்

இறங்கி இடது முன்சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். நட்டுகளின் மேல் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து, வட்டம் வட்டமாக வெடித்திருந்தது. நட்டு சுழன்றால்தான் அப்படி வெடிக்கும். நாலில் ஒரு நட்டைக் காணோம். இரண்டு, விரலால் திருகினாலே வந்தன. கடைசி ஒன்று சில மரைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பணிமனையில் நாங்கள் ஆசைப்பட்டும் கழற்ற முடியாமல் போன லாக் நட்டுகள், இப்போது சாவியே இல்லாமல் கையோடு வந்தன.

"இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் சார்?" என்று இளங்கோ மெல்லக் கேட்டார்.

"தெரியாது." மறைக்கவில்லை. உண்மையிலேயே தெரியாது.

பெண்கள் இருவரையும் இறக்கி, பாலத்துக் கட்டைமேல் உட்கார வைத்தோம். எமகண்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தை உருவினேன். உருவியதும் மாவு போல ஏதோ உள்ளிருந்து கொட்டியது. சக்கரத்தின் முதுகில், அச்சு முனையிலிருக்கும் ஹப்போடு பொருந்தி உட்கார வேண்டிய வட்டத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. பாதி நொறுங்கி உதிர்ந்திருந்தது, பாதி அப்படியே இருந்தது. வார்த்த அலுமினியத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. வீடியோவில் கடைக்காரர் துணியால் துடைத்ததும் இதைத்தான். உலோகம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"என்ன சார், கம்பெனி பெயிண்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே இளங்கோ நகத்தால் சுரண்டினார். உதிர்ந்ததைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கடையில் மூட்டையைப் பிரித்தால் சரக்கை அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. விரல்கள் பாதியில் நின்றன.

"சிமெண்ட்டு" என்றார்.

அப்புறம் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகப்பில் கீறல் விழக் கூடாதென்று ஒரு மாதம் குப்புறப் போட்டிருந்த சக்கரங்கள். மேலே பார்த்துக் கிடந்தது முதுகு. மூட்டை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அதன்மேல் தூசு படிந்திருக்கிறது. ஆடியில் பெய்த ஒரு மழையில் குடோன் கூரை ஒழுகியிருக்கிறது. மற்றதைச் சிமெண்ட் தானே பார்த்துக்கொண்டது.

"ஈரம் பட்டா கட்டியாயிடும், பாத்து வைங்கன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்றது நான்தான் சார்" என்றார்.

இதைப் படிக்கும் இளைய பொறியாளர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஜெயங்கொண்டத்துக் கடைக்காரர் முடுக்கியது சரியான அழுத்தம்தான். ஆனால் நட்டு சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்தவில்லை, நடுவிலிருந்த சிமெண்ட்டோடு சேர்த்து அழுத்தியது. வண்டி ஓட ஓட அது நொறுங்கி உதிர்ந்தது. உதிர்ந்த தடிமன் அளவுக்கு நட்டுகள் தளர்ந்தன. நட்டு எவ்வளவு இறுகியது என்று டார்க் ரெஞ்சு சொல்லும். எதன்மேல் இறுகியது என்று சொல்லாது. சக்கரம் பெரிது என்பதால் லைனரில் உரசல் இருந்தது, அந்த உரசல் எல்லாருக்கும் ஒரு விடையைக் கொடுத்துவிட்டது. பெரிய சக்கரம் போட்ட வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் அந்த ஒரே விடையைச் சொல்லி அனுப்புவது நம் பணிமனைகளின் பழக்கம்.

பாலத்துக் கட்டையிலிருந்து கலைச்செல்வி குரல் கொடுத்தாள். "அண்ணே, அது கழண்டிருந்தா என்னா ஆயிருக்கும்?"

இளங்கோ சக்கரத்தைப் புரட்டி ஓரமாக வைத்தார்.

"சார், நீங்க சொல்லுங்க."

"கழலலம்மா."

"வாந்தி வருதுன்னது பொய்தானே?"

"ஆமாம்மா."

தலையாட்டிக்கொண்டாள். வயிற்றின்மேல் கையை வைத்துச் சற்று நேரம் எதையோ எதிர்பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையில் நான் அதிகம் பயந்தது அந்தச் சற்று நேரம்தான். கடைசியில் அவள் முகம் லேசானது. "ஒதைக்குது" என்றாள். செல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய சக்கரம் எங்கண்ணே இருக்கு?"

"வூட்டு மாடியில."

"அத எடுத்தாரச் சொல்லு. இதுல நான் ஏற மாட்டேன்."

"மத்த மூணு சக்கரம் நல்லாத்தானேடி இருக்கு..." என்று செல்லம்மாள் ஆரம்பித்தார்.

"அப்ப நீ அந்த மூணு மேல ஏறிப் போ."

4. குட்டியானை

ஆண்டிமடத்திலிருந்து குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. பழைய பதினைந்து இன்ச் சக்கரங்களும் நட்டுகளும் பின்னால் இருந்தன. லாக் நட்டுச் சாவியை ஓட்டுநர் மஞ்சள் துணியில் முடிந்து சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தார். எங்கள் பணிமனையிலிருந்து கம்பி பிரஷ்ஷும் டார்க் ரெஞ்சும் வரவழைத்திருந்தேன். மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தோம். மூன்றின் முதுகிலும் அதே பூச்சு. ஒன்றில் விளிம்பு உதிர ஆரம்பித்திருந்தது, மற்ற இரண்டில் முழுசாக இருந்தது.

இளங்கோ நாலு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்தார். நான் போதும் என்றபின்னும் தேய்த்தார். பழைய சக்கரங்களின் முதுகையும் தேய்த்து, ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபின்தான் மாட்டினேன். குறுக்காக, இரண்டு சுற்று. கடைசியில் கிளிக், கிளிக், கிளிக். இவ்வளவு காலமும் எனக்கு நிம்மதி தந்த சத்தம் அது. அன்றைக்கு அது வெறும் சத்தமாக மட்டும் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சுது தம்பி. பாத்துப் போங்க. நான் ரெஞ்சு கொண்டாந்த வண்டியிலயே பெரம்பலூர் திரும்பிடறேன்" என்றேன்.

கலைச்செல்வி பாலத்துக் கட்டையிலிருந்து எழவில்லை. "நீங்க வரலியா சார்?"

"எனக்கு ஆபீஸ் இருக்கும்மா. வண்டி சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுல்ல? அப்ப வாங்க."

இளங்கோ அதட்டினார். "சாருக்கு வேலை இருக்காதா கலை?"

"இருக்கும். அவரு ஏறினா நான் ஏறுவேன்."

எத்தனையோ வருடமாக 'இறுதிப் பரிசோதனை முடிந்தது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டிகள் வாசலைத் தாண்டிப் போகும், நான் டீ குடிக்கப் போவேன். என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. செய்தது எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏறுவதற்குக் கால் எழவில்லை. அந்தத் தயக்கத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் ஏறினேன்.

அரியலூர் வரைக்கும் இளங்கோ நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்கூட எங்களைத் திட்டிக்கொண்டு முந்திப் போயிற்று. அரியலூரில் நிறுத்தி, இறங்கி, பதினாறு நட்டுகளிலும் ரெஞ்சு வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஜெயங்கொண்டத்தில் மறுபடியும் வைத்தேன். அசையவில்லை. இரண்டு முறையும் கலைச்செல்வி ஜன்னல் வழியே என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. அப்படியே இருக்கு."

"அப்பறம் ஏன் சார் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

"வெயிலு" என்றேன். அன்றைய இரண்டாவது பொய்.

இளைய பொறியாளர்களே, உங்களில் பலர் நாளை பணிமனைகளுக்குப் பொறுப்பேற்பீர்கள். விதிகள் எல்லாம் அவசியம்தான். நான் அவற்றோடு வாழ்ந்தவன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி தயார் என்று கையெழுத்துப் போடும் முன், அந்தப் பின் இருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று குனிந்து ஒரு தடவை பாருங்கள். அவர்களோடு ஊர்வரை போகச் சொன்னால் போவீர்களா என்று உங்களையே கேளுங்கள். கால் தயங்கினால் பேனாவை மூடிவிட்டு, இன்னொரு தடவை சக்கரத்தைக் கழற்றுங்கள்.

ஆண்டிமடத்தில் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். கலைச்செல்வி இறங்கி, தாய் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். வளையல் சத்தம் வீட்டுக்குள் போய்த் தேய்ந்தது. இளங்கோ என் பக்கம் வந்து கதவைத் திறந்துவிட்டு நின்றார். நான் உடனே இறங்கவில்லை. ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை என் இடது கை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவிக்க வலது கையின் உதவி தேவைப்பட்டது.